‘லாக்ஸிட்டி’ என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்: பொருட்பரப்பும் தமிழாக்கச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘லாக்ஸிட்டி’ என்னும் பெயர்ச்சொல் உடலுறுப்பின் தளர்வையும், விதிகளைக் கடைப்பிடிப்பதில் காணப்படும் கண்டிப்புக் குறைவையும் ஒருங்கே குறிக்கின்றது. முதற்பொருளில் குற்றச்சாட்டு இல்லை; இரண்டாம் பொருளில் குற்றச்சாட்டே மையம். தமிழில் இதற்கு நேராக வழங்கும் ‘தளர்வு’ என்னும் சொல் அண்மைக் காலத்தில் ‘அரசு வழங்கும் சலுகை’ என்னும் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டமையால், மொழிபெயர்ப்பில் பொறுப்பு இடம்மாறும் நிலை உண்டாகின்றது. ஆங்கிலச் சொல்லின் வேர், துறைதோறும் அதன் வழக்கு, அதனோடு மயங்கும் பிற சொற்கள், தமிழ் நிகரன்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சொற்பொருளியல், மொழிபெயர்ப்பு, தளர்வு, மெத்தனம், பொச்சாப்பு, கலைச்சொல்லாக்கம்.

வேரும் உறவுச் சொற்களும்

இலத்தீன் மொழியில் ‘லாக்ஸுஸ்’ என்னும் பெயரடைக்கு அகன்ற, இடமுள்ள, இறுக்கமற்ற என்பன பொருள்கள். அதிலிருந்து பிறந்த ‘லாக்ஸிதாஸ்’ என்னும் பெயர்ச்சொல் முதலில் இடத்தின் விரிவையே குறித்தது. ஒழுக்கக் குறைவு என்னும் பொருள் அதன் கருவில் இல்லை. பிரெஞ்சு வழியாகவும் நேரே இலத்தீனிலிருந்தும் இச்சொல் ஆங்கிலத்தை அடைந்து, 16ஆம் நூற்றாண்டு முதல் எழுத்து வழக்கில் காணப்படுகின்றது. ‘லாக்ஸ்’ என்னும் அடிச்சொல் அதற்கும் முன்பே, இடைக்கால ஆங்கிலத்தில், வயிற்றுப்போக்கைக் குறிக்க வழங்கியது. மலமிளக்கி மருந்துக்கு இன்றும் வழங்கும் ‘லாக்ஸேட்டிவ்’ அவ்வழியில் வந்ததே. தமிழில் ‘இளக்கு’ என்னும் வினையைக் கொண்டு ‘மலமிளக்கி’ என்று சொல்லாக்கம் செய்தோர், இலத்தீன் சொல் காட்டும் அதே உருவகத்தைத் தமக்கு இயல்பான வழியில் அடைந்துள்ளனர்.

இதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் கிளைத்த சொற்கள் பல. ‘ரிலாக்ஸ்’ நேரே இலத்தீனிலிருந்து வந்தது. ‘ரிலீஸ்’ அதே வினை பழம்பிரெஞ்சில் தேய்ந்து வந்த வடிவம். குத்தகையைக் குறிக்கும் ‘லீஸ்’ கையிலிருந்து விட்டுக்கொடுத்தல் என்னும் கருத்திலிருந்து தோன்றியது. நாயைப் பிடிக்கும் வாரைக் குறிக்கும் ‘லீஷ்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கட்டி வைக்கும் பொருளுக்கு ‘விடுதல்’ என்னும் வேரிலிருந்து பெயர் வந்தது முரண்போலத் தோன்றலாம்; வேட்டையில் நாயைத் தளர விட்டுப் பிடிக்கும் வாரே அது என்று கொண்டால் முரண் தீரும். பொருளியலில் பெயர்பெற்ற ‘லெஸே ஃபேர்’ என்னும் தொடரின் முதற்சொல்லும் இவ்வழியினதே.

இரவற்சொல் அல்லாத, ஜெர்மானிய மரபிலேயே வந்த ‘ஸ்லாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘லாக்ஸு’க்குத் தூரத்து உறவினன் என்பது ஒப்பியலாளர் கொள்கை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்லாக்’கின் முன்வடிவம் சோம்பிய, விரைவற்ற என்னும் பொருளில் வழங்கியது. இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் ‘க்’ ஒலி ஜெர்மானியத்தில் வல்லொலியாக மாறியதும், இலத்தீனில் சொல் முதலில் நின்ற ‘ஸ்’ மறைந்ததுமே இரண்டு வடிவங்களும் அயலவை போலத் தோன்றக் காரணம். எனவே ‘ஸ்லாக்னெஸ்’, ‘லாக்ஸிட்டி’ என்பன ஒரே வீட்டில் பிறந்து வேறு வழிகளில் நடந்து வந்து ஆங்கிலத்தில் மீண்டும் சந்தித்த சொற்கள் எனலாம். இன்று கயிற்றுக்கு முன்னதும், ஒழுங்குமுறைக்குப் பின்னதும் மிகுதியாக வழங்குகின்றன.

ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி வேர் காண்பதில் உள்ள இடரையும் இங்கே சுட்டலாம். 1955ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்நெஸ்ஸின் பெயருக்கும் ‘லாக்ஸ்னெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவு ஏதுமில்லை. அவர் வளர்ந்த பண்ணையின் பெயர் அது. ஐஸ்லாந்திய மொழியில் ‘லாக்ஸ்’ என்பது சால்மன் மீன், ‘நெஸ்’ என்பது நீரினுள் நீளும் நிலமுனை.

பருப்பொருளிலிருந்து நெறிக்கு

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்குத் தரப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை பருப்பொருள் சார்ந்தவை: செறிவின்மை, இழுவிசையின்மை, குடல் இளக்கம் போன்றவை. துல்லியமின்மை என்னும் கருத்துநிலைப் பொருள் அவற்றிடையே ஒன்றாக நிற்கின்றது. இன்றைய அகராதிகளில் இந்த விகிதம் தலைகீழாகியுள்ளது. விதி, ஒழுக்கம், கண்காணிப்பு ஆகியவற்றில் கண்டிப்பின்மை என்பதே முதற்பொருளாக நிற்க, உடல்சார் பொருள் மருத்துவ வழக்கு என்னும் குறிப்போடு பின்னே வருகின்றது.

இம்மாற்றத்திற்குத் துணைநின்றவற்றுள் 17ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க அறநெறி விவாதம் குறிப்பிடத்தக்கது. ஒரு செயல் பாவமா அன்றா என்பது ஐயத்திற்குரியதாயின், அதனை அனுமதிக்கும் கருத்துக்குச் சிறிதளவு சான்று இருந்தாலும் அதனைப் பின்பற்றலாம் என்று கொண்டோரை எதிர்த்தரப்பினர் ‘லாக்ஸிஸ்ட்’ எனச் சுட்டினர். பிளேஸ் பாஸ்கல் 1656, 1657ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் எழுதிய 18 மடல்கள் இயேசு சபையினரின் இத்தகைய போக்கை எள்ளி நகையாடின. திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் இவ்வகையைச் சேர்ந்த 65 கூற்றுகளைக் கண்டித்து விலக்கினார். இவ்விவாதத்தில் தாக்கப்பட்டது பாவம் செய்தவரைக் காட்டிலும், அப்பாவத்தை அளக்கும் கோலைத் தளர்த்தியவரே. இந்த நுட்பம் ஆங்கிலச் சொல்லில் இன்றும் தங்கியுள்ளது. திருடனின் செயலை ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பதில்லை. திருட்டைக் கண்டும் காணாமல் விட்ட காவலமைப்பின் போக்கையே குறிப்பர்.

எதிர்த்தரப்பின் கொள்கைக்கு வழங்கிய ‘ரிகரிஸம்’ என்னும் பெயர் விறைப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. விறைப்பு, தளர்வு என உடலின் இரு நிலைகளைக் கொண்டே அறத்தின் இரு நிலைகளையும் ஐரோப்பியர் பேசியுள்ளனர். தமிழும் இவ்வகையில் அயலானதன்று. ‘கட்டுப்பாடு’, ‘கட்டளை’, ‘கட்டுக்கோப்பு’ என்னும் சொற்களில் ‘கட்டு’ உள்ளது. கட்டினால்தானே தளரும்? ‘கட்டுத் தளர்ந்தது’ என்பதில் மூட்டையும் உண்டு, நிர்வாகமும் உண்டு.

துறைவழக்குகள்

மருத்துவத்தில் இச்சொல் பெரும்பாலும் மூட்டோடு சேர்ந்து வரும். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் இயல்புக்கு மிகுதியாக நீளுமாயின் அது ‘லிகமென்ட்டஸ் லாக்ஸிட்டி’ எனப்படும். பீட்டன் முதலிய மருத்துவர்கள் 1973இல் வெளியிட்ட அளவுகோல் இதனை 9 புள்ளிகளில் மதிப்பிடுகின்றது: சுண்டுவிரல் பின்னோக்கி 90 பாகைக்கு மேல் வளைதல், கட்டைவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைக் கடந்து பின்வளைதல் ஆகியவற்றுக்குப் பக்கத்திற்கு ஒன்றாக 8 புள்ளிகள்; முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் ஊன்றுதலுக்கு 1 புள்ளி. எலும்பியல் மருத்துவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்துவர். மருத்துவர் சோதிக்கையில் காணும் மிகையசைவு ‘லாக்ஸிட்டி’. மூட்டு நழுவுவதாக நோயாளி தாமே உணரும் தொல்லை ‘இன்ஸ்டபிலிட்டி’. முன்னது உள்ளவர் எல்லாரும் நோயாளர் ஆகார். நடனக் கலைஞர் பலரிடம் அது இயல்பாகவே அமைந்திருக்கும். இவ்விரண்டையும் ‘மூட்டுத் தளர்ச்சி’ என்று ஒன்றாக எழுதுவது நோயில்லாதவரை நோயாளராக்கும் பிழைக்கு இடம்தரும். முன்னதை ‘மூட்டு நெகிழ்வு’ என்றும், பின்னதை ‘மூட்டு நிலையின்மை’ என்றும் பிரிக்கலாம்.

ஒலியியலில் உயிரொலிகளை இறுக்கமுடையவை, தளர்ந்தவை எனப் பகுப்பர். யாக்கப்சன், ஃபான்ட், ஹாலே ஆகியோர் 1952இல் வெளியிட்ட பேச்சொலிப் பகுப்பாய்வு நூலில் இவ்விணை இடம்பெற்றுள்ளது. இங்குக் கவனிக்க வேண்டுவது விகுதி. ஒலியியலார் பெயர்ச்சொல்லாக ‘லாக்ஸ்னெஸ்’ என்பதையே விரும்புகின்றனர். மருத்துவர் ‘லாக்ஸிட்டி’ என்பர். நடத்தையைக் குறிக்கும்போது இரண்டும் வழங்கும். ஒரே அடிச்சொல்லோடு இலத்தீன் விகுதியும் ஆங்கில விகுதியும் சேர்ந்து, துறைகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன.

சட்டத்துறையில் ‘லாக்ஸிட்டி’ கலைச்சொல் அன்று. தீர்ப்புரைகளில் கண்டன அடையாகவே வரும். ஆனால் அதே வேரினதாகிய ‘லாச்சஸ்’ முறையான சட்டக் கருத்தாகும். தளர்வு, சோம்பல் என்னும் பொருளுடைய பழம்பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இது, உரிமையை நிலைநாட்டுவதில் ஒருவர் காட்டும் நியாயமற்ற காலத்தாழ்வைக் குறிக்கும். சமநெறி நீதிமன்றங்களில் உருவாகிய இக்கொள்கை, காலவரையறைச் சட்டம் நேரே பொருந்தாத நீதிப்பேராணை மனுக்களில் இந்தியாவிலும் எடுத்தாளப்படுகின்றது. திலோக்சந்த் மோதிசந்த் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமைக்கான மனுவாயினும் தாமதம் கருதி அதனை ஏற்க மறுக்கலாம் என்று கொண்டது. ‘லாச்சஸ்’ என்பதற்குத் ‘தாமதம்’ என்று மட்டும் எழுதினால் பொருளில் பாதி விழுந்துவிடும். தாமதத்திற்கு நல்ல காரணம் இருந்தால் அது ‘லாச்சஸ்’ ஆகாது. ‘பொறுப்பற்ற காலத்தாழ்வு’ என்பது ஓரளவு நெருங்கி வருகின்றது.

மயங்கும் சொற்கள்

‘நெக்லிஜென்ஸ்’ என்னும் சொல்லோடு ‘லாக்ஸிட்டி’ மிகுதியாக மயங்குகின்றது. சட்டப்படி ‘நெக்லிஜென்ஸ்’ நிலைபெற, கவனம் காட்டும் கடமையும், அக்கடமையை மீறுதலும், அதனால் விளைந்த கேடும் காட்டப்பட வேண்டும். 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்த்த டோனகியூ–ஸ்டீவன்சன் வழக்கு இக்கருத்தின் அடித்தளம். இந்தியக் குற்றவியலில் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் இதனைப் பேசுகின்றன. தமிழ்நாட்டுக் காவல்நிலைய ஆவணங்களில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்னும் தொடர் வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. ‘அஜாக்கிரதை’ ஒருவரின் ஒரு கணத்துச் செயலைச் சுட்டும். ‘லாக்ஸிட்டி’யோ நாட்பட்ட போக்கு. ஓட்டுநர் ஒருவர் சிவப்பு விளக்கைக் கடந்தது அஜாக்கிரதை; அச்சந்திப்பில் பல மாதங்களாக எவரும் தண்டிக்கப்படாதது ‘லாக்ஸிட்டி’. கேடு விளையாவிடினும் இரண்டாவதைக் குறை கூறலாம்; முதலாவது உரிமையியல் வழக்காக வேண்டுமெனில் கேடு விளைந்திருக்க வேண்டும்.

‘லீனியன்ஸி’ மென்மை என்னும் வேரினது. அது தண்டிக்கும் அதிகாரமுடையவர் அறிந்தே காட்டும் இரக்கம். ஆகவே அதற்குப் பாராட்டும் உண்டு. ‘ரிலாக்ஸேஷன்’ அதிகாரமுடையவர் முறைப்படி ஆணையிட்டு விதியை இளக்குவது. ‘லாக்ஸிட்டி’யில் விதி அப்படியே நிற்கும்; ஆணை ஏதும் பிறப்பிக்கப்பட்டிராது; கடைப்பிடிப்பு மட்டும் தேய்ந்திருக்கும். இச்சொற்களுக்கு இடையேயான வேறுபாட்டின் முடிச்சு இங்கேதான் உள்ளது.

இலக்கண அமைதியும் இதற்குத் துணைசெய்கின்றது. இச்சொல் பெரும்பாலும் எண்ணப்படாப் பெயர். பன்மை வடிவம் அரிது. எங்கே தளர்வு உள்ளது என்பதை ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லும், எதன் தளர்வு என்பதை ‘ஆஃப்’ என்பதும் காட்டும். யாருடைய குறை என்பதைச் சொல்ல ‘ஆன் த பார்ட் ஆஃப்’ என்னும் தொடர் வேண்டும். அதனை விட்டுவிட்டால் குறை மட்டும் நிற்கும், குறையுடையவர் மறைவார். அலுவலக ஆங்கிலம் இச்சொல்லை விரும்புவதற்கு இவ்வசதியும் ஒரு காரணமாதல் கூடும்.

தமிழ் நிகரன்கள்

‘தளர்வு’ அகராதிப் பொருளால் மிக நெருங்கியது. ஆனால் வழக்கு அதனை வேறு திசையில் இழுத்துச் சென்றுள்ளது. 2020இல் பெருந்தொற்றுக் கால ஊரடங்கின்போது அரசு படிப்படியாக வழங்கிய அனுமதிகள் எல்லாம் ‘தளர்வுகள்’ என்றே அறிவிக்கப்பட்டன. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ நடைமுறைக்கு வந்தது. ‘வயது வரம்பில் தளர்வு’ என்பது பணியமர்த்தல் அறிவிப்புகளில் நிலைத்த தொடர். இவ்விடங்களில் எல்லாம் தளர்வு என்பது ‘ரிலாக்ஸேஷன்’. அது முறையானது, மக்கள் விரும்பி எதிர்நோக்குவது. இப்போது, ‘பாதுகாப்பு விதிகளில் லாக்ஸிட்டி விபத்துக்குக் காரணம்’ என்று ஒரு விசாரணை அறிக்கை கூறுவதாகக் கொள்வோம். ‘பாதுகாப்பு விதிகளில் தளர்வு’ என்று பெயர்த்தால், அரசு விதியைத் தளர்த்தியதால் விபத்து நேர்ந்தது என்றே தமிழ் வாசகர் கொள்வர். மூல அறிக்கை குறை கூறியதோ விதியிருந்தும் அதனைச் செயற்படுத்தாத அலுவலரை. ஒரு சொல்லால் பொறுப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடுகின்றது. பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோரும் இடமும் அதனோடு மாறக்கூடும். அகராதிக் குறை என்று இதனை எளிதாக விட்டுவிட இயலவில்லை.

‘தளர்ச்சி’ என்பது விகுதியால் மட்டும் வேறுபட்டாலும் வழக்கில் சோர்வையும் வலுவின்மையையும் சுட்டும். நரம்புத் தளர்ச்சி, உடல் தளர்ச்சி என்பன காண்க. ‘நெகிழ்ச்சி’ மனத்தோடு சேர்ந்தால் உருக்கமாகிவிடுகின்றது. ‘நெகிழ்வுத்தன்மை’ பாராட்டுச் சொல். அதே அடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்னும் நல்ல பெயரும் அமைந்தது. ஆகவே இவை குற்றப்பொருளைத் தாங்கா. ‘தொய்வு’, ‘சுணக்கம்’ இரண்டும் பணியின் வேகக் குறைவைக் காட்டுவன. கொடிக்கயிறு தொய்வதுபோல வேலை தொய்கின்றது. நெறியின் கண்டிப்பைப் பற்றி அவை பேசுவதில்லை.

‘அலட்சியம்’, ‘உதாசீனம்’, ‘பராமுகம்’ ஆகிய வடசொற்கள் மனநிலையைக் குறிப்பன. பராமுகம் முகத்தைத் திருப்பிக்கொள்ளல். உதாசீனன் வடமொழி அரசியல் நூல்களில் எப்பக்கமும் சாராது ஒதுங்கியிருக்கும் வேந்தன். இவற்றில் வேண்டுமென்றே புறக்கணித்தல் என்னும் சாயல் உண்டு. ‘லாக்ஸிட்டி’க்கு அவ்வளவு உள்நோக்கம் தேவையில்லை.

எஞ்சுவது ‘மெத்தனம்’. மெத்தை, மெத்தென என்னும் சொற்களோடு இணைத்து எண்ணத்தக்க இது, தெலுங்கில் ‘மெத்தன’ என்னும் வடிவில் இன்றும் மென்மையையே குறிக்கின்றது. தமிழில் மென்மை கண்டிப்பின்மையாகி, கண்டிப்பின்மை குற்றமாகிவிட்டது. பருப்பொருளிலிருந்து பழிக்கு நகர்ந்த இப்பயணம் ‘லாக்ஸிட்டி’யின் பயணத்தை ஒத்துள்ளது. மேலும், செய்தித்தாள்களில் ‘அதிகாரிகள் மெத்தனம்’ என்று பொறுப்புடையோரைச் சுட்டியே இச்சொல் பெரும்பாலும் வருகின்றது. நிர்வாகச் சூழலில் இதனினும் பொருத்தமான சொல் நமக்கு வாய்க்கவில்லை. சட்ட ஆவணத்தின் நடைக்கு இது சற்றுப் பேச்சுவழக்காகத் தோன்றினால் ‘கண்டிப்பின்மை’ எனலாம். ஒழுக்கத்தைப் பற்றியதாயின் ‘நெறித்தளர்வு’ என்று அடைகொடுத்து வழங்கினால் சலுகைப் பொருள் நுழையாது.

இலத்தீன் வேரின் ‘இடமுள்ள’ என்னும் பொருளுக்கு நேராகத் தமிழில் ‘இடங்கொடுத்தல்’ என்னும் மரபுத்தொடர் இருப்பது சுவையானது. பிள்ளைக்கு இடங்கொடுத்தார் என்பதில் அறை ஏதும் இல்லை. கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்காமல் விட்டதே உள்ளது. ‘இளக்காரம் கொடுத்தல்’ என்பதும் இவ்வகையினது. கலைச்சொல் தேடுவோர் இத்தகைய வினைத்தொடர்களைப் பெரும்பாலும் கருதுவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழிலும் பெயர்ச்சொல்லே வேண்டும் என்று கொள்வது தேவையற்ற கட்டு.

பழந்தமிழ்ச் சொல்லாகிய ‘பொச்சாப்பு’ இதற்கு நிகராகுமா என்னும் வினா எழுவது இயல்பு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மகிழ்ச்சி மிகுதியால் கடமையில் சோர்தலே பொச்சாப்பு என்று உரைகள் விளக்குகின்றன. அளவு கடந்த சினத்தைக் காட்டிலும் அது தீது என்பதே அதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. வெற்றியும் செல்வமும் தரும் களிப்பில் காவல் தளர்வது என்னும் இப்பொருள், ஆங்கிலத்தில் தன்னிறைவு மயக்கத்தைக் குறிக்கும் ‘கம்ப்ளேஸன்ஸி’க்கே நெருக்கமானது. அது காரணம், ‘லாக்ஸிட்டி’ அதன் விளைவுகளுள் ஒன்று. 61ஆம் அதிகாரம் பேசும் ‘மடி’யோ சோம்பல், அதுவும் காரணத்தின் பக்கமே நிற்பது. பொச்சாவாமைக்கு அடுத்து, 55ஆம் அதிகாரமாகச் செங்கோன்மை வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஆள்வோன் தன் காவலில் சோராதிருத்தல் முறைசெய்தலுக்கு முன்நிபந்தனை என்று இவ்வைப்புமுறையைப் பொருள்கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின், தனிமனிதக் குறையாக அன்றி ஆட்சியின் குறையாகவே வள்ளுவர் பொச்சாப்பைக் கருதினார் என்றாகும். ஆங்கிலச் சொல்லும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே வழங்குகின்றது.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டே. இங்கே யாரையேனும் குறை கூறுகிறார்களா? கூறுகிறார்களெனில், விதியை மாற்றியவரையா, மாற்றாமலே விட்டுவிட்டவரையா? முதல் வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையாயின் நெகிழ்வு என்றோ தளர்வு என்றோ எழுதலாம். மாற்றியவரைக் குறை கூறினால் ‘விதியைத் தளர்த்தியமை’ என்று வினையடியாகவும், விட்டவரைக் குறை கூறினால் ‘மெத்தனம்’ அல்லது ‘கண்டிப்பின்மை’ என்றும் எழுதுவது தகும். மேலே கண்ட விசாரணை அறிக்கையின் தொடர் அப்போது ‘பாதுகாப்பு விதிகளைச் செயற்படுத்துவதில் அலுவலர் காட்டிய மெத்தனமே விபத்துக்குக் காரணம்’ என்றாகும். மூலத்தில் அலுவலர் என்னும் சொல் வெளிப்படையாக இல்லாதபோது அதனைச் சேர்ப்பது மிகையாகும். அவ்விடத்தில் ‘செயற்படுத்துவதில் காணப்பட்ட மெத்தனம்’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.